வெறுமையாகத் திரும்பாத கோப்பை

இங்கே எழுதியிருக்கிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேற்றாத்தீவுப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்து, கை ஆறுவதற்குள் எழுதத் தொடங்கிய கதை இது. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்ன இடங்கள் இரண்டு மூன்று உண்டு. அவையும் வாசிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காகத்தான்.

சாமித்தம்பி இருபத்தாறு வருசம் வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்காலில் வருகிற தண்ணீரை எழுநூறு ஏக்கர் வயல் வட்டைக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. எந்த வயலுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணித்தியாலம், எந்த வரம்பை வெட்டுவது, எதை அடைப்பது எல்லாம் அவர் சொல்வதுதான். ஒருமுறை காட்டு யானை ஒன்று வாய்க்காலுக்குள் இறங்கித் தண்ணீர் குடித்தது. "டேய், உனக்கு முறை வெள்ளிக்கிழமை" என்றார். யானை குடித்ததை வாய்க்காலுக்குள்ளேயே திருப்பி விட்டுவிட்டுப் போய், வெள்ளிக்கிழமை வந்தது.

அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான். ஊசி. மிருக வைத்தியர் வந்து எருமைக்கு ஊசி போட்ட அன்று எருமை நின்றது, விதானையார் விழுந்தார்.

அவருக்குச் சீனி வருத்தம். களுவாஞ்சிக்குடிக் கிளினிக்கில் தாதி யசோதினி மிஸி அவருடைய கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார்.

"ஐயா, வெறும் வயித்தில இருநூற்றிப் பதினாலு. குளிசை தன்ட வேலையச் செய்யுது. நீங்கதான் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் எண்டு அதுக்கு எதிரா வேலை செய்யுறீங்க."

"ரெண்டு பிஸ்கட்தான் மிஸி."

"ரெண்டு பக்கட். எனக்குத் தெரியும். வாற மாசம் பத்தாம் திகதி திரும்ப வாங்க. நூற்றி நாப்பதுக்குக் கீழ வந்திருந்தா இதே குளிசை. வராட்டி ஊசி. ஒவ்வொரு நாளும்."

"ஒவ்வொரு நாளுமா? ஆர் போடுற?"

"நீங்கதான். வயித்தில."

விதானையார் கண் விழித்தபோது வாங்கில் படுத்திருந்தார். மிஸி அவருடைய முகத்துக்கு விசிறிக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தார். பத்து மணிக்கு ஒரு பிடி அவித்த கௌபிப் பயறு. நாலு மணிக்கு ஒரு கிளாஸ் மோர். வீட்டிலேயே செய்யலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

எழுநூறு ஏக்கருக்குத் தண்ணீர் காட்டியவருக்கு ஒரு பிடி கௌபியும் ஒரு கிளாஸ் மோரும் எம்மாத்திரம்? மனைவி இரத்தினம்மாவைக்கூட அவர் கூப்பிடவில்லை. தானே கௌபியை ஊறப் போட்டார். விடிய எழும்பி, அளவாக உப்புப் போட்டு, குழைய விடாமல் பதமாக அவித்து வடித்தார். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் வெடித்தன. கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. மோருக்கு எருமைத் தயிர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. இஞ்சியும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, தேசிக்காய் இலை ஒன்றைக் கிழித்து மிதக்க விட்டார். தண்ணீரைப் பங்கு போட்டுப் பழகிய கை. அளவு மயிரிழையும் பிசகவில்லை.

நேரம் ஒன்பது ஐம்பத்தைந்து. விதானையார் கை கழுவிக்கொண்டு வந்து உட்காரவும், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வந்தவர் இல்ஹாம் ஹாஜியார். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர். விதானையாரின் வட்டையில் அவருக்கும் ஆறு ஏக்கர் இருந்ததால் பழக்கம் இருபது வருசத்துக்கு மேல். அவருக்கும் சீனி வருத்தம்; இவரை விடக் கூட, இருநூற்றி நாற்பது.

"இது என்ன விதானையார், மருந்தா சாப்பாடா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பிடி அள்ளினார். பிறகு கேட்காமலே அள்ளினார். மோரையும் குடித்து ஏப்பம் விட்டார். "அல்லாஹ்வே! இப்படி ஒண்டு இந்த உலகத்தில இருக்கு எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லியே!"

இரத்தினம்மா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. உள்ளே போய், மகளின் கலியாணத்துக்கு வந்த, விளிம்பில் பூ வெட்டிய புதுச் சில்வர் கோப்பையைப் பெட்டி பிரித்து எடுத்தார். மிச்சமிருந்த கௌபியை அதில் முட்ட நிரப்பினார். "நஸீபாவுக்குக் குடுங்க ஹாஜியார். அவவும் ருசி பாக்கட்டும்."

நஸீபா ஹாஜியாரின் மனைவி. தன்னுடைய பத்து மணி மோட்டார் சைக்கிளில் ஏறிக் காத்தான்குடிக்குப் போவதை விதானையார் வாசலில் நின்று பார்த்தார். பரவாயில்லை, நாளைக்கும் பத்து மணி வரும் என்று நினைத்துக்கொண்டார். வந்தது. பத்து மணியோடு கோப்பையும் வந்தது.

கோப்பை நிறைய வட்டிலப்பம். பத்து முட்டையும் கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முந்திரியுமாக, தொட்டால் நடுங்குகிற வட்டிலப்பம். அதுவும் போதாமல், கோப்பையைக் கொண்டுவந்த பஸ் கண்டக்டர் இன்னொரு சருவச்சட்டியையும் இறக்கி வைத்தார். அதிலும் வட்டிலப்பம். வாட்ஸ்அப்பில் நஸீபாவின் குரல் வந்தது: "இரத்தினம்மா அக்கா, கோப்பைய வெறுமையா அனுப்ப மனம் வரல்ல. கோப்பைக்குள்ள கொள்ளல்ல எண்டு நம்மட சட்டியிலயும் கொஞ்சம் போட்டிருக்கன்."

பிழை நடந்தது இந்த இடத்தில்தான். சாப்பாட்டோடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. இது தேற்றாத்தீவிலும் சட்டம், காத்தான்குடியிலும் சட்டம். கோப்பை மட்டும் நிரம்பி வந்திருந்தால் கணக்கு அன்றைக்கே நேராகியிருக்கும். கூடவே சட்டியும் வந்துவிட்டது. இனிச் சட்டியை நிரப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முதல் சட்டியை வெறுமையாக்க வேண்டும்.

"நீ சாப்பிடு" என்றார் விதானையார்.

"எனக்கு முட்டை மணம் ஆகாதெண்டு உங்களுக்குத் தெரியாதா? கலியாணம் முடிச்சு நாப்பது வருசம்."

"அப்ப எறி."

"சாப்பாட்டை எறியிறதா? நல்லா இருக்குகா உங்கட கதை!"

அந்த வளவில் இரத்தினம்மாவின் தங்கைகள் மூன்று பேருக்கும் சீதனமாகக் கொடுத்த மூன்று வீடுகள் இருந்தன. விதானையார் வட்டிலப்பத்தை மூன்றாகப் பங்கு போட்டு, மூன்று கோப்பைகளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெற்றி வீரனைப் போலக் கையை வீசிக்கொண்டு வந்தார். பின்னேரம் மூன்று கோப்பையும் திரும்பி வந்தன. ஒன்றில் அரியதரம். ஒன்றில் பனங்காய்ப் பணியாரம். ஒன்றில் சீனி தூவிய கொக்கிஸ். கொடுத்தது ஒரு பலகாரம், வந்தது மூன்று.

அன்றைக்கு அவருக்கு விளங்கிவிட்டது. வெளியே அனுப்பினால் பெருகும். பெருகாமல் நிறுத்த ஒரே வழி, உள்ளே தள்ளுவது. விதானையார் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தானே சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம்.

"இப்ப நஸீபாட சட்டியில ஒரு பிடி கௌபியப் போட்டு அனுப்பு. அதோட முடிஞ்சுது" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு.

"அவ பத்து முட்டை உடைச்சு ஊத்தி அனுப்ப, நான் ஒரு பிடி கௌபியா? மறுகா நஸீபா என்ன நினைப்பா? சட்டி முட்டப் போட்டு, நம்மட வாளியிலயும் கொஞ்சம் போடுவம்."

"வாளி வேணாம்!"

"மோருக்கு என்ன செய்யிற? சட்டியிலயா ஊத்துற?"

வாளி போனது. வாளி வட்டிலப்பமாக வந்தது, கூடவே ஒரு கிடாரம். ஹாஜியார் வீட்டுக் கலியாணங்களில் இருநூறு பேருக்குச் சோறு ஆக்குகிற கிடாரம் அது. அதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் சிறிய லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கும்போது வட்டிலப்பம் நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்து வீட்டு ஓடு இரண்டு கழன்று விழுந்தது. அளந்து சொல்கிற கதை இது. மூன்று ஓடு என்று சொல்லவில்லை.

விதானையார் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கௌபி அவித்தார். மோர் கரைத்தார். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அவருடைய கையில் ஒரு மணி கௌபிகூட இல்லை. எல்லாம் காத்தான்குடிக்கு. நாலு மணிக்கு மோர் இல்லை. அதுவும் காத்தான்குடிக்கு, நீலப் பிளாஸ்டிக் பீப்பாவில். வீட்டில் மிஞ்சியது வட்டிலப்பம் மட்டும்தான்.

ஒரு தந்திரம் செய்து பார்த்தார். நஸீபாவின் கிடாரத்தை வைக்கோல் போருக்குள் ஒளித்துவிட்டு, "துலைஞ்சு போச்சு" என்றார். இரத்தினம்மா தலையில் கையை வைத்தார். அடுத்த நாளே களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போய், துலைந்ததை விடப் பெரிய கிடாரமாகப் பார்த்து வாங்கி வந்தார். புதுக் கிடாரத்தை வெறுமையாகக் கொடுக்க முடியுமா? அந்தக் கிழமை எழுவான்கரை ஊர்களில் ஒரு கடையிலும் கௌபி கிடைக்கவில்லை என்று சனம் பேசிக்கொண்டது.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஹாஜியாருக்கே ஃபோன் எடுத்தார்.

"ஹாஜியார், கெஞ்சிக் கேக்கிறன். இந்தமுறை ஏனத்தைச் சத்தமில்லாம வெறுமையா அனுப்பிவிடுங்க. பொம்புளைகளுக்குத் தெரிய வேணாம்."

"ஐயையோ விதானையார், நிப்பாட்டிப் போடாதீங்க! உங்கட கௌபியும் மோரும்தான் இப்ப என்ட உசிர். பத்து மணிக்கு ஒரு பிடி, நாலு மணிக்கு ஒரு கிளாஸ். நேத்துப் பாத்தன், நூற்றிப் பத்து! டொக்டர் என்ட கையப் பிடிச்சிக் குலுக்கினார்."

விதானையார் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார். "அப்ப அந்த வட்டிலப்பம்? நீங்க ஆரும் சாப்பிடுறல்லயா?"

"எங்கட ஊட்டில எல்லாருக்கும் சீனி வருத்தம் விதானையார். நாங்க தொடுறதே இல்ல. ஒரு துளி மிச்சம் வைக்காம முழுக்க உங்களுக்குத்தான் அனுப்புற." அந்தக் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது.

திகதி ஆறு. கிளினிக்குக்கு இன்னும் நாலு நாள். காலை ஏழு மணிக்கு வாவிக்கரையில் சத்தம் கேட்டு விதானையார் போய்ப் பார்த்தார். இயந்திரப் படகு ஒன்று பின்னால் ஒரு தோணியை இழுத்துக்கொண்டு வந்து கரை தட்டியது. தோணி நிறைய வட்டிலப்பம். அணிய முனையிலிருந்து கடையால் முனை வரைக்கும் கபில நிறத்தில், மேலே முந்திரிப் பருப்புப் பதித்து, அலை அடிக்க அடிக்கத் ததும்பாமல் நடுங்கிக்கொண்டு நின்றது.

"நஸீபா ராத்தா சொன்னாங்க," என்றான் படகுக்காரன், "ஊட்டில உள்ள கிடாரம் எல்லாத்திலயும் உங்கட கௌபி நிரம்பிக் கிடக்காம். அதால இதில போட்டிருக்கு. தோணி ராத்தாட மாமாட. அவசரமில்ல, ஆறுதலா அனுப்பி விடுங்க."

விதானையார் வட்டிலப்பத்தைப் பார்க்கவில்லை. தோணியைப் பார்த்தார். இருபத்திரண்டு அடி. பின்னால் வந்து நின்ற இரத்தினம்மாவும் தோணியைத்தான் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"பன்னிரண்டு மூட்டை கொள்ளும் போல" என்றார் இரத்தினம்மா.

கோயில் ஒலிபெருக்கியில் சொல்லி ஊரைக் கூப்பிடுவித்தார் விதானையார். "எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போங்க. ஏனம் கொண்டு வராதீங்க. வெறுங்கையோட வாங்க!" ஊர் வந்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகிற வழக்கம் ஊரில் இல்லாதபடியால், ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பக்கட் சீனியும் கொண்டு வந்தது. முற்றத்தில் சீனி பக்கட்டுகள் மதில் உயரத்துக்கு ஏறியதைக் கண்டதும் விதானையார் ஊரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு பழைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோணிக்குள் இறங்கினார். வட்டிலப்பத்துக்கு நடுவே வரம்பு கட்டி, எட்டு வயலாகப் பிரித்தார். ஒரு நாளைக்கு நாலு வயல். முதல் நாள் மத்தியானம் நீர்க்காகம் ஒன்று வந்து மூன்றாம் வயலில் இறங்கிக் கால் புதைந்து நின்றது. விதானையார் அதைத் தூக்கி, காலைக் கழுவி, பறக்க விட்டார். அடுத்த நாள் அது தன் சொந்தக்காரர் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் வெறும் அலகோடு வரவில்லை. ஆளுக்கொரு மீன்.

எட்டாம் திகதி பின்னேரம் தோணி வெறுமையாகிவிட்டது. ஒன்பதாம் திகதி பகல் முழுக்கக் கௌபி அவித்து அதை நிரப்பினார்கள். தேங்காய்ப்பூவுக்கே நூற்றி அறுபது தேங்காய். நிரப்பி முடிந்தபோது தோணியின் விளிம்புக்குச் சமமாகக் கௌபி நின்றது, நல்ல சூட்டோடு, கறிவேப்பிலை மணத்தோடு. விதானையார் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு மாதமாகத் தன் வாய்க்குக் கிடைக்காத அந்த ஒரு பிடியை ஓரமாகக் கையை விட்டு எடுத்தார்.

"இஞ்ச பாருங்க," என்றார் இரத்தினம்மா. "அவடத்த ஒரு குழி விழுந்திருக்கு."

"ஒரு பிடிதானே புள்ள."

"இல்ல, சொல்லுறன். நஸீபா கண்டா கிள்ளி எடுத்துப் போட்டு அனுப்பியிருக்கு எண்டு நினைக்க மாட்டாவா?"

விதானையார் கையில் இருந்த கௌபியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கையை விரித்தார். குழி மூடிக்கொண்டது. தோணி போனது.

பத்தாம் திகதி விடிய வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் புறப்பட்டார். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால், தேற்றாத்தீவிலிருந்து எறும்புகள் வரிசையாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன. ஒழுங்கான எறும்புகள். பிரதான வீதியில் இடது பக்கமாகவே வந்து, வாகனத்துக்கு வழி விட்டு, கிளினிக் வாசலில் இலக்கம் எடுத்துக்கொண்டு நின்றன.

யசோதினி மிஸி விரலில் குத்தி ஒரு துளி எடுத்தார். விதானையார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது.

"ஐயா."

"சொல்லுங்க மிஸி."

"முந்நூற்றிப் பன்னிரண்டு."

விதானையார் கண்ணைத் திறந்தார். சட்டைப்பைக்குள் ஃபோன் அடித்தது. ஹாஜியார். "விதானையார்! தொண்ணூற்றியெட்டு! எனக்குத் தொண்ணூற்றியெட்டு!"

"சந்தோசம் ஹாஜியார்" என்று சொல்லி வைத்தார்.

"நான் சொன்னதச் செய்தீங்களா இல்லையா?" என்று மிஸி கேட்டார். "கௌபி அவிச்சீங்களா?"

"அவிச்சன்."

"எவ்வளவு?"

"நாலு கிழமைக்கு நாப்பத்தொரு மூட்டை."

மிஸி கொப்பியில் ஊசி என்று எழுதினார். மருந்துக் குப்பியை எடுத்தார். "இது சூட்டில பழுதாப் போகும். ஐஸ் போட்டுக் கொண்டு போகணும். ஏதும் கொண்டு வந்தீங்களா? இல்லையா? சரி, என்ட சாப்பாட்டு டப்பாவில வைச்சுத் தாறன். வாற கிழமை வரக்குள்ள மறக்காமக் கொண்டு வாங்க."

சின்னப் பச்சை டப்பா. விதானையார் அதை இரண்டு கையாலும் பிடித்து, மடியில் பாம்பை வைத்திருப்பவரைப் போலப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். பயம் ஊசியில் மட்டும் இல்லை. வீட்டு வாசலில் ஏறும்போதே கத்தினார்: "இது மிஸிட டப்பா! ஒருத்தரும் தொடக் கூடாது!"

நாலு மணிக்கு, எப்படிக் குத்துவது என்று மிஸி காட்டியதை நினைத்துக்கொண்டு, சட்டையைத் தூக்கிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது குசினிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். இரத்தினம்மா பச்சை டப்பாவைக் கழுவித் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னகா செய்யுறா அங்க?"

"கழுவி வைக்கிறன். வாற கிழமை குடுக்கணுமே. பாவம், தன்ட சோத்து டப்பாவத் தந்து விட்டிருக்கிறா மிஸி. வெறுமையா அனுப்புறதா?" இரத்தினம்மா டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "சின்னனா இருக்கு. நம்மட சட்டியிலயும் கொஞ்சம் போடுவம்."

விதானையாருக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நாற்பது வருசக் கோபம் ஒன்றாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஊசி எப்போது வயிற்றில் ஏறியது, எப்போது மருந்து முடிந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஊசிக்கு அவர் பயப்பட்டதில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்த ஏனத்தைக் கண்டால்தான் விழுகிறார்.

சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்: விளிம்பில் பூ வெட்டிய அந்தச் சில்வர் கோப்பை, கலியாணத்துக்கு வந்த அதே பெட்டிக்குள், ஒட்டிய டேப் ஒருமுறைகூடப் பிரிக்கப்படாமல், இரத்தினம்மாவின் அலுமாரியில் இன்றைக்கும் இருக்கிறது.